டிக்கால் மன்னர்கள் இறங்காத படிக்கட்டு

மன்றத்தின் மாண்பையும் மேடையில் அடிக்கும் ஏசியின் நேர்க்காற்றையும் ஒருசேரத் தாங்கி நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர், தூத்துக்குடி தந்த தூண், எங்கள் ஜெயசீலன் அங்கிள் அவர்களே. துபாயில் புறப்பட்டு, ஷார்ஜா நெரிசலில் நின்று, நகர்ந்து, மறுபடியும் நின்று, நாங்கள் வரவேற்புப் பாடலைத் திரும்பத் திரும்பப் பாடித் தொண்டை வறண்ட வேளையில் வந்து சேர்ந்த சிறப்பு விருந்தினர் அவர்களே. கையில் மணியும் கண்ணில் கண்டிப்புமாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளர் உமாராணி ஆன்ட்டி அவர்களே. பொன்னாடை பெற்றவர்களே, பெறப்போகிறவர்களே, தம் பெயரும் வாசிக்கப்படுமா என்று காதைத் தீட்டிக் காத்திருப்பவர்களே. பிரியாணி எப்போது என்று வாயால் கேட்காமல் மூக்கால் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோர்களே. தம் பிள்ளை ஆடும்போது போனை உயரத் தூக்கிப் பிடித்து, பின்னால் இருந்தவர்களுக்கு அந்த நடனத்தைப் போனுக்குள் மட்டும் காட்டிய தாய்மார்களே. அந்தத் தாய்மார்களில் ஒருவராய், இவள் என்ன பேசித் தொலைக்கப்போகிறாளோ என்று தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருக்கும் என் உம்மா பத்ருன்னிசா அவர்களே. வாசலில் சாய்ந்து நின்று வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருக்கும் ஓட்டுநர் ஃபாரூக் பாய் அவர்களே. கடைசி வரிசையில், யாரும் வாசிக்காத பெயர்களோடு அமர்ந்திருக்கும் ஜுர்ஃப் தொழிலாளர் கேம்ப் அண்ணன்மார்களே. உங்கள் எல்லோருக்கும் அஜ்மான் நெய்தல் தமிழ் மன்றத்தின் இருபதாம் ஆண்டு விழா மேடையிலிருந்து, பல்லில் கம்பி போட்டிருப்பதால் கொஞ்சம் காற்றும் கலந்து வருகிற என் வணக்கம், என் ஸலாம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, பண்டைய மாயா நகரம் ஒன்றின் எழுச்சியும் வீழ்ச்சியும். தலைப்பைத் தேர்ந்து தந்தது கமிட்டி. ஏன் இந்தத் தலைப்பு? சென்ற ஆண்டு எனக்கு "நான் வியக்கும் தலைவர்" என்று தந்தார்கள். நான் நம் தலைவரைப் பற்றியே பேசினேன். பேசியதோடு நில்லாமல், மைக்கைப் பிடித்ததும் அவர் இருமுகிற இருமலையும் செய்து காட்டினேன். ஆகவே இந்த ஆண்டு, இவளைக் கடல் கடந்து, கண்டம் கடந்து, காடு கடந்து அனுப்பிவிடுவோம், அங்கே நம்மவர் யாரும் இருக்க மாட்டார்கள் என்று கமிட்டி கணக்குப் போட்டது. கமிட்டிக்குப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். போய்ப் பார்த்துவிட்டேன். அங்கேயும் நம்மவர்களே இருந்திருக்கிறார்கள்.

கிளம்புவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு மைக்கில் வேறொன்றைப் பேச நான் இன்னும் பெரியவள் ஆகவில்லை. கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாரே வைரவன் அண்ணன், அவரும் அவருடைய ரூம்காரர்களும் இன்று ஒரு நாடகம் போட வந்திருக்கிறார்கள். பெயர், சாம்பார் வழக்கு. கேம்ப் ரூமில் யாரோ சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார்கள். அதற்கு ஒரு நீதிமன்றம், ஒரு குற்றவாளி, ஒரு நீதிபதி. நீதிபதி வைரவன் அண்ணன். நிகழ்ச்சி நிரலில் இந்த நாடகம் எங்கே இருக்கிறது? ஆகக் கடைசியில் இருக்கிறது. அவர்களுடைய பஸ் எப்போது புறப்படும்? ஒன்பதரைக்கு. ஒன்பதரை தாண்டினால் ஃபாரூக் பாய் வேறொரு சைட்டின் நைட் டூட்டி ஆட்களை ஏற்றப் போக வேண்டும். போன வருடமும் இப்படித்தான், அதற்கு முந்தின வருடமும் இப்படித்தான். வேஷம் போட்டார்கள், காத்திருந்தார்கள், பஸ் ஏறினார்கள். இந்த வருடம் ஒரு வித்தியாசம் உண்டு. வருகிற புதன்கிழமை வைரவன் அண்ணன் விசா கேன்சலாகிப் பரமக்குடிக்கு, ஊருக்கே போகிறார். இன்று இல்லையென்றால், அந்த நீதிபதி எந்தத் தீர்ப்பும் சொல்லாமலே ஓய்வு பெற்றுவிடுவார்.

அவ்வளவுதான் என் மனத்தில் இருப்பது. இனி மாயா.

மாயா என்றாலே மாயமாய் மறைந்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. யூடியூபில் அதற்கு ஒரு பயங்கரமான இசையும் உண்டு. விண்வெளியிலிருந்து வந்தார்கள், விண்வெளிக்கே போனார்கள் என்கிறார்கள். வந்தவர்களும் இல்லை, போனவர்களும் இல்லை. மாயா மக்கள் இன்றும் குவாத்தமாலாவில் இலட்சக்கணக்கில் வாழ்கிறார்கள். சோளத்தில் ரொட்டி சுடுகிறார்கள், தம் மொழியில் திட்டிக்கொள்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்பிவிடப் படாத பாடு படுகிறார்கள். மறைந்தது மக்கள் அல்ல. மறைந்தது நகரம். அந்த நகரங்களில் ஒரு நகரத்துக்குத்தான் உங்களை இன்று இலவசமாக அழைத்துப் போகிறேன். விசா வேண்டாம், மெடிக்கல் வேண்டாம், பாஸ்போர்ட்டை யாரும் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள். நகரத்தின் பெயர் டிக்கால்.

டிக்கால். பெயரிலேயே கால் இருக்கிறது பாருங்கள். கால் வைத்து வந்த மக்களால் எழுந்த நகரம், அதே கால்கள் எழுந்து நடந்ததால் காலியான நகரம்.

எப்படிப்பட்ட இடம் தெரியுமா அது? அடர்ந்த காடு, அண்ணாந்து பார்த்தால் ஆகாயம் தெரியாத காடு. குரங்கு உண்டு, கிளி உண்டு, சிறுத்தை உண்டு. ஆறு உண்டா? ஆறு இல்லை. ஊருக்குள் ஏரி உண்டா? ஏரி இல்லை. தரையைத் தோண்டினால் தண்ணீர் உண்டா? சுண்ணாம்புப் பாறை உறிஞ்சிக்கொண்டுவிடும், தோண்டினாலும் இல்லை. வருடத்தில் பாதி நாள் கொட்டித் தீர்க்கும் மழை, மீதி நாள் எட்டிப் பார்க்காத மழை. அப்படிப்பட்ட இடத்தில் போய் ஒரு நகரம் கட்டுவார்களா? எந்தப் புத்திசாலியாவது கட்டுவானா?

என்ன மாமா? ஆம், சரியாகச் சொன்னீர்கள். நாமும் அப்படிப்பட்ட இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம். அஜ்மானில் ஆறு ஓடுகிறதா? வளைகுடாக் கடல் பக்கத்தில் இருக்கிறது, அதைக் காய்ச்சிக் குழாயில் விடுகிறார்கள், நாம் அதில் டீ போட்டுக் குடித்துவிட்டு ஊர்த் தண்ணி மாதிரி வராது என்று குறை சொல்கிறோம். டிக்கால்காரர்களுக்குக் கடலும் பக்கத்தில் இல்லை. அவர்களுக்கு இருந்தது வானம் மட்டுமே.

அந்த வானத்தை அவர்கள் வசப்படுத்தினார்கள். எப்படி வசப்படுத்தினார்கள்? முற்றங்களை எல்லாம் சுண்ணாம்பு பூசி மெழுகினார்கள். மெழுகிய முற்றத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சரித்தார்கள். சரிந்த முற்றத்தில் விழுந்த மழை வழிந்து குளத்தில் சேர்ந்தது. சேர்ந்த நீர் கோடை முழுதும் தாகம் தீர்த்தது. மன்னன் நின்று ஆசி வழங்கும் முற்றம், மழைக்காலத்தில் ஒரு பெரிய புனல். எத்தனை அழகு இது. அது மட்டுமா? ஒரு குளத்தின் வாயில் படிக மணலும் ஜியோலைட் என்னும் ஒருவகைக் கல்லும் போட்டு நீரை வடிகட்டியிருக்கிறார்கள். அந்தக் கல் ஊருக்குள் கிடைப்பதில்லை, தொலைவிலிருந்து சுமந்து வந்திருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் இதை அண்மையில்தான் கண்டுபிடித்தார்கள். எங்கள் வீட்டில் ஃபில்டர் மாற்றச் சொல்லி உம்மா வாப்பாவிடம் போன நோன்புக்கு முன்னாலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் காட்டுக்குள் மாற்றியவர்கள் அவர்கள்.

வாப்பா சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே இருங்கள் வாப்பா, உங்கள் பகுதி இன்னும் வரவில்லை.

ஆக, டிக்கால் எழுந்தது. எதனால் எழுந்தது? வாளால் எழுந்ததா? வளத்தால் எழுந்ததா? வார்த்தையால் எழுந்ததா? விழுகிற துளியை வீணாக்காமல் சேர்த்ததால் எழுந்தது. குளம் நிறைந்தது, குடி நிறைந்தது, கொடி உயர்ந்தது. ஆயிரம் ஆயிரமாய் மக்கள் சுற்றிலும் குடியேறினார்கள். சோளம் விளைந்தது, கொக்கோ வந்தது, பந்தாட்டத் திடலில் ஆரவாரம் எழுந்தது. நடுவில் ஒரு பெருந்தோல்வியும் வந்தது. பகை நகரங்கள் சேர்ந்து அடித்த அடியில், நூறு ஆண்டுக்கும் மேலாக டிக்கால் ஒரு கல்வெட்டுகூட நடாமல் வாய்மூடிக் கிடந்தது. பிறகு ஒரு மன்னர் வந்தார். எழுந்தார், எதிரியை வென்றார், வானளாவக் கோயில்கள் எழும்ப வழி செய்தார். அவர் பெயர் ஜசாவ் சான் கவீல்.

பின்னால் ஏன் சலசலப்பு? உங்கள் விசா முதலாளி கஃபீல் இல்லை அண்ணா, கவீல். பயப்படாமல் உட்காருங்கள். இவர் யாருக்கும் விசா கொடுக்கவும் இல்லை, யாருடைய லீவை நிறுத்தவும் இல்லை.

இந்தக் கவீல் காலத்தில் டிக்காலில் ஒரு வழக்கம் கொடிகட்டிப் பறந்தது. இருபது ஆண்டு நிறைந்தால் ஒரு விழா. சாதாரண விழாவா? ஒவ்வோர் இருபதாம் ஆண்டு விழாவுக்கும் புதிதாக ஒரு மைதானம், மைதானத்தின் இரு பக்கமும் இரட்டைப் பிரமிடு, நடுவே மன்னர் உருவம் செதுக்கிய நெடுங்கல். கல்லில் என்ன எழுதினார்கள்? இன்னார் மகன் இன்னார், இன்ன நாளில், இன்னாரை வென்று, இந்தக் கல்லை நட்டார். அடுத்த இருபது ஆண்டில் அடுத்தவர் வந்து தம் கல்லை நட்டார்.

இப்போது தலைவர் நம் மேடையின் பேனரைத் திரும்பிப் பார்க்கிறார். ஆம் அங்கிள், இருபதாம் ஆண்டு விழா என்றுதான் போட்டிருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. வரலாறு சொல்கிறது.

அந்தப் பிரமிடுகளைக் கட்டியது யார்? கல்லில் அவர்கள் பெயர் இல்லை. சுண்ணாம்பு சுட்டவன் பெயர் இல்லை, கல் சுமந்தவள் பெயர் இல்லை, உச்சியில் நின்று கடைசிக் கல்லைப் பொருத்தியவன் பெயரும் இல்லை. நம் வைரவன் அண்ணன் ஸ்கஃபோல்டர். கட்டடம் எழும்புகிற இடத்தில் இரும்புக் குழாய்களைப் பூட்டிச் சாரம் கட்டுகிறவர். கட்டடத்துக்கு முன்னால் ஏறுகிறார், கட்டடம் முடிந்ததும் சாரத்தைப் பிரித்துக்கொண்டே இறங்குகிறார். அவர் இறங்கிய பிறகுதான் கண்ணாடி மாட்டுகிறார்கள், விளக்குப் போடுகிறார்கள், நாம் போய்க் கீழே நின்று செல்ஃபி எடுக்கிறோம். இப்படியும் ஒரு வேலை உண்டா என்று நான் ஒரு நாள் எங்கள் மளிகைக் கடையில் அவரிடம் கேட்டேன்.

"பாப்பா, நான் ஏறாத பில்டிங்கு துபாயில ரொம்பக் கம்மி. ஆனா ஒரு பில்டிங்குலயும் லிஃப்டுல போனதில்ல. நான் போறப்ப லிஃப்டு இருக்காது, லிஃப்டு வந்தப்பறம் நான் இருக்க மாட்டேன்" என்றார்.

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். அதனால்தான் சொல்கிறேன், அவரை இன்று மேடையேற்ற வேண்டும் என்று. பரிதாபத்துக்காக இல்லை. மனிதர் சிரிக்க வைப்பார், அதற்காக.

சரி, வீழ்ச்சிக்கு வருகிறேன். ஆன்ட்டி மணியைத் தொட்டுவிட்டார்கள். தொட்டதுதான், இன்னும் அடிக்கவில்லை. நன்றி ஆன்ட்டி.

டிக்கால் எப்படி விழுந்தது? எதிரி வந்து எரித்தானா? எரிமலை வெடித்ததா? அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். போர் என்கிறார்கள், பஞ்சம் என்கிறார்கள், மழை பொய்த்தது என்கிறார்கள். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்மை. ஆனால் ஒன்றைக் கேட்டால் உங்களுக்கே வேடிக்கையாக இருக்கும். கோயில்களுக்கும் அரண்மனைகளுக்கும் சிவப்பு வண்ணம் பூசினார்கள். என்ன சிவப்பு? சாதிலிங்கச் சிவப்பு, பாதரசம் கலந்த கனிமம். பார்க்கப் பளபளப்பு. பெய்த மழை அந்தப் பளபளப்பைக் கழுவியது. கழுவிய மழை சரிந்த முற்றத்தில் வழிந்தது. வழிந்த நீர் எங்கே போனது? மன்னர் குடிக்கிற குளத்துக்கே போனது. அரண்மனையை ஒட்டிய குளங்களின் அடிமண்ணில் பாதரசம் இருந்ததை ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். கூடவே நஞ்சுப் பாசியின் தடமும் இருந்ததாம். தம் பெருமைக்குப் பூசிய வண்ணத்தைத் தாமே குடித்தார்கள். குலப் பெருமை பேசியவர்கள் குளத்தை மறந்தார்கள்.

அதே காலத்தில் மழையும் குறைந்தது. ஒரு கோடை, இன்னொரு கோடை, அடுத்தும் ஒரு கோடை. அப்போது மன்னர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? குளத்தைத் தூர்வாரியிருக்க வேண்டும், கூட்டத்தோடு கூடிப் பேசியிருக்க வேண்டும். அவர்கள் என்ன செய்தார்கள்? கல் நட்டார்கள். மக்கள் தாகம் என்றார்கள், மன்னர் கல் நட்டார். மக்கள் பசி என்றார்கள், மன்னர் இன்னும் ஒரு கல் நட்டார். மன்னர் கல் நட்டார், மக்கள் கால் எடுத்தார்கள்.

அவர்கள் சண்டை போடவில்லை என்றே நினைக்கிறேன். கதவை அறைந்து சாத்திவிட்டும் போகவில்லை. கடைசி வரிசையில் இருந்தவர்கள் முதலில் எழுந்திருப்பார்கள். சட்டியை எடுத்துக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சத்தம் வராமல், பக்கத்தில் இருப்பவர் முழங்காலில் இடிக்காமல் போயிருப்பார்கள். முன்வரிசைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. முன்வரிசை எப்போதும் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருப்பது. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டிக்காலில் கடைசிக் கல்வெட்டை நட்டார்கள். அந்தக் கல்லில் மன்னர் இருக்கிறார், மகுடம் இருக்கிறது, நாள் கிழமை எல்லாம் இருக்கிறது. நட்டு முடித்து மன்னர் நிமிர்ந்து பார்த்தபோது கைதட்ட எத்தனை பேர் இருந்தார்கள் என்றுதான் எழுதவில்லை. பிறகு காடு வந்தது. கேட்காமலே வந்து உட்கார்ந்துகொண்டது.

மணி அடித்துவிட்டது. கேட்டேன் ஆன்ட்டி. அடித்த மணி நல்ல மணி, அதன் ஒலி இனிமையாக இருந்தது, இன்னொரு முறை கேட்கவும் ஆசையாக இருக்கிறது. அதற்குள் ஒரு சின்ன நிகழ்ச்சியைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

வாப்பா, உங்கள் பகுதி வந்துவிட்டது.

இந்த விழாவுக்கான கமிட்டிக் கூட்டம் எங்கள் வீட்டு ஹாலில்தான் நடந்தது. என் வாப்பா அகமது கபீர் இந்த மன்றத்தின் துணைச் செயலாளர். போண்டா சூடாக இருக்கும் வீட்டில்தான் கூட்டம் நடக்க வேண்டும் என்பது நம் மன்றத்தின் எழுதாத சட்டம். நான் டீ கொண்டுபோகிற சாக்கில் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை உம்மா, தட்டோடு நின்று கேட்டேன்.

வாப்பா ஆரம்பித்தார்கள். "தலைவரே, இந்த வருஷமாச்சும் கேம்ப் பசங்க நாடகத்த முன்னாடி வச்சிடலாமே."

தலைவர் சொன்னார், "கபீர் வே, ஒமக்கு ஒண்ணு வெளங்கல. அவங்க நாடகம்தான் விழாவுலயே டாப்பு. அத மொதல்ல போட்டுட்டா, பொறவு பொன்னாடைக்கு யாரு வே உக்காந்திருப்பா? கூட்டத்தப் புடிச்சு வைக்கத்தான் கடைசில போடுதோம்."

"அது சரி. அவங்க பஸ்ஸு?"

"பஸ்ஸப் பேசிக்கிடலாம்."

"போன வருஷமும் பேசிக்கிடலாம்னுதான் சொன்னீங்க."

"ஆமா, யாரு பேசினா?"

யாரும் பேசவில்லை. யார் பேசுவது என்பதைப் பற்றியும் யாரும் பேசவில்லை. எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். சரியாக அந்த நேரத்தில் உம்மா இரண்டாம் ஈடு போண்டாவை எடுத்துவந்தார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது, சட்னியோடு.

சபையோரே, இதில் கெட்ட எண்ணம் எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. நாடகம் நன்றாக இருக்கும் என்று தெரிந்ததால்தான் அதைக் கடைசியில் வைத்தார்கள். பொன்னாடை அலுக்கும் என்று தெரிந்ததால்தான் அதை முன்னால் வைத்தார்கள். கூட்டத்தைப் பிடித்து வைக்க ஒரு நாடகம், அந்த நாடகக்காரர்களைப் பிடித்துக்கொண்டு போக ஒரு பஸ். டிக்கால் மன்னர்களும் இப்படித்தான் நல்ல எண்ணத்தோடு வண்ணம் பூசியிருப்பார்கள்.

போன வருடம் என்ன ஆனது என்று வைரவன் அண்ணன் எங்கள் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "வேசத்தக் கலைக்க நேரமில்ல பாய். அப்படியே பஸ்ஸுல ஏறிட்டம். தலையில தரை தொடைக்கிற மாப்புல செஞ்ச முடி, மூஞ்சில பவுடரு. கேம்ப் கேட்டுல செக்யூரிட்டி நிப்பாட்டிட்டான். கார்டுல இருக்க ஆளு நீ இல்லங்கிறான். நாந்தாண்டா ஜட்ஜுன்னேன். அப்ப இன்னும் உள்ள விடமாட்டேன்னுட்டான்."

வாப்பா சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். பிறகு வாப்பா, "இந்தத் தடவ பாத்துக்கிறேன் வைரவா" என்றார்கள். அதற்கு அவர், "பாருங்க பாய். ஆகலைன்னாலும் ஒண்ணுமில்ல. ஊருல போயி எம்புள்ளைககிட்ட நடிச்சுக் காட்டிக்கிறேன். ஆனா உப்புப் போட்ட அய்யப்பன் இங்கிட்டுல்ல இருப்பான்? குத்தவாளி இல்லாம எப்புடித் தீர்ப்புச் சொல்றது?" என்றார்.

கேட்டீர்களா? குற்றவாளி அஜ்மானில், நீதிபதி பரமக்குடியில். எந்த நாட்டுச் சட்டமாவது இதை ஒப்புக்கொள்ளுமா?

இரண்டாவது மணியும் அடித்துவிட்டது. ஃபாரூக் பாயும் வாசலிலிருந்து எனக்கு ஏதோ சைகை காட்டுகிறார். கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். புரிகிறது பாய், ஏக் மினிட். பின்னால் வைரவன் அண்ணனின் ரூம்காரர் சரவணகுமார் அண்ணன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். பாருங்கள், நீங்களே திரும்பிப் பாருங்கள். முன்வரிசையும் கொஞ்சம் திரும்புங்கள், கழுத்துக்கு நல்லது. சொன்னேனே, சட்டியை எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல், பக்கத்தில் இருப்பவர் முழங்காலில் இடிக்காமல் என்று. எங்கோ காட்டில் நடந்ததை நான் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர்கள் இங்கே நடத்திக் காட்டுகிறார்கள்.

அண்ணா, பையை இறக்குங்கள். இன்னும் கல் நடவில்லை.

தலைவர் அங்கிள், உங்களிடம் நேராகவே கேட்கிறேன். நான் இறங்கியதும் அடுத்து என்ன? பொன்னாடை. அதற்குப் பிறகு? பொன்னாடை போர்த்தியவருக்குப் பொன்னாடை. அதற்குப் பிறகு ஏற்புரை, சிறப்புரை, நன்றியுரை. இவை அனைத்தும் நாடகத்துக்குப் பிறகு நடந்தால் என்ன கெட்டுவிடும்? கூட்டம் எழுந்து போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். போகட்டும் என்று சொல்ல நான் தயார் இல்லை. பிரியாணியைப் பொன்னாடைக்குப் பிறகு வையுங்கள் அங்கிள். ஒருவர் நகர மாட்டார். இந்த ஊர்த் தமிழர்களைப் பற்றி உங்களைவிட எனக்கு நம்பிக்கை அதிகம்.

எதற்கு இத்தனை கைதட்டல், நாடகத்துக்கா பிரியாணிக்கா? இரண்டுக்கும் என்கிறார்கள். நேர்மையான கூட்டம்.

இந்த மன்றம் எப்படி எழுந்தது என்று வாப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். தொடக்கத்தில் மேடையே இல்லையாம். ஒரு கடையின் பின்னால், அரிசி மூட்டைகளை ஒதுக்கிவிட்டு, எல்லோரும் தரையில் உட்கார்ந்து பாடினார்களாம். கேம்பிலிருந்து வந்தவரும் கடை வைத்திருந்தவரும் கம்பெனி மேனேஜரும் ஒரே பாயில் இருந்தார்களாம். அங்கே விழுந்த ஒவ்வொரு துளியும் ஒரே குளத்தில் சேர்ந்தது. மேடை பிற்பாடு வந்தது. மேடைக்கு மேல் நாற்காலி வந்தது. நாற்காலிக்கு மேல் ஆள் வந்தார், ஆளுக்கு மேல் ஆடை வந்தது. நான் குறை சொல்லவில்லை. டிக்காலுக்கும் முதலில் குளம்தான் வந்தது, கோயில் பிறகுதான். கோயில் தப்பு இல்லை. குளத்தைப் பார்க்க ஒருவரும் படியிறங்கி வராததுதான் தப்பு. அவர்கள் கட்டிய படிகள் செங்குத்தானவை. இன்றும் போகிறவர்கள் மூச்சிரைக்க ஏறுகிறார்கள். அப்படி ஏறி உயரத்தில் நின்ற மன்னர்களில், கீழே முற்றம் காலியாவதைப் பார்த்த அன்று ஒருவர், ஒரே ஒருவர், இறங்கி ஓடிவந்து, "இருங்கள், போகாதீர்கள், என்ன வேண்டும் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவேளை இன்று இந்தத் தலைப்பே இருந்திருக்காது. கமிட்டி எனக்கு "நான் வியக்கும் தலைவர்" என்றே மறுபடியும் தந்திருக்கும்.

தலைவர் ஏதோ சொல்கிறார். மைக் வேண்டுமா அங்கிள்? வேண்டாமாம்.

பின்னால் கேட்கவில்லையா? தலைவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. "சவத்துப் புள்ள, பேசியே கொன்னுட்டா. அவங்களக் கூப்புடு, நாடகம் நடக்கட்டும்" என்கிறார்.

கேட்டீர்களா வைரவன் அண்ணா? வாருங்கள். அய்யப்பன் அண்ணா, குற்றவாளி முதலில் வர வேண்டும். சரவணகுமார் அண்ணா, அந்தப் பைக்குள்தான் தலைமுடி இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதோடு வாருங்கள். ஃபாரூக் பாய், ஆப் பீ அந்தர் ஆயியே, நீங்களும் உள்ளே வந்து உட்காருங்கள். நீங்கள் இந்தக் கூடத்துக்குள் இருக்கும்வரை பஸ் தானாக எங்கேயும் போகாது.

ஒரு சின்னச் சிக்கல். மேடை சிறியது. நாற்காலிகள் நிறைய. நீதிமன்றம் நடக்க இடம் வேண்டும். ஆகவே மேடையை அலங்கரிக்கும் பெரியோர்கள் அனைவரும் தயவுகூர்ந்து கீழே இறங்கி அமர வேண்டுகிறேன். முன்வரிசை நிறைந்திருக்கிறது, நடுவிலும் இடம் இல்லை. நாடகக்காரர்கள் எழுந்து வந்துவிட்டதால் கடைசி வரிசை மட்டும் காலியாக இருக்கிறது. அங்கே அமருங்கள். ஏசி வராது, பேச்சுப் பாதி கேட்காது, மேடை தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். ஆனால் கூட்டம் முழுவதையும் அங்கிருந்துதான் பார்க்க முடியும்.

தலைவர் எழுந்துவிட்டார். முதல் ஆளாக அவரே இறங்குகிறார். சிறப்பு விருந்தினரும் இறங்குகிறார். பார்த்து அங்கிள், கடைசிப் படி கொஞ்சம் உயரம். வைரவன் அண்ணன் கை கொடுக்கிறார், பிடித்துக்கொள்ளுங்கள்.

இறங்கிய பெருமக்களுக்கு நன்றி. ஏறுகிற பெருமக்களுக்கு நல்வரவு. மணியடித்தும் என்னை இழுத்து இறக்காத உமாராணி ஆன்ட்டிக்கும், இருந்து கேட்ட உங்களுக்கும், பேசத் தெரியாமல் பேசியதைப் பொறுத்த பெரியோருக்கும் என் நன்றி, என் வணக்கம், வஸ்ஸலாம்.

உட்காராதீர்கள், யாரும் உட்காராதீர்கள். நீதிமன்றம் கூடுகிறது, நீதிபதி வைரவன் வருகிறார். சபை முழுவதும் எழுந்து நிற்க வேண்டும். கடைசி வரிசை, தலைவரே, நீங்களும்தான்.